கிரவுன் மேல் பழி போடாதீர்கள்

வண்டியின் பின்பக்கத்தை உயர்த்திக் கட்டிய மறுநாள் அடியிலிருந்து 'ஊம்' என்று ஓர் உறுமல் கேட்டால், நம் ஊரில் அதற்குக் காரணம் சொல்ல யாரும் யோசிப்பதே இல்லை. "கிரவுன் போயிருச்சு" என்பார் பிட்டர். டிரைவர் ஆமோதிப்பார். பக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்க்க வந்தவர், தன் வண்டியிலும் இப்படித்தான் ஆனது, செட்டையே மாற்றினேன் என்பார். மூன்று பேர் ஒரே குரலில் சொன்ன பிறகு உரிமையாளர் என்ன செய்வார்? பின் அச்சில் கிரவுன் பல்சக்கரம் இருக்கும் ஹவுசிங்கைப் பிரிக்கச் சொல்லிவிடுவார். பல ஆயிரம் ரூபாய் செலவாகும். சத்தம் மட்டும் போகாது.

இந்த நம்பிக்கையைக் கண்டிக்கத்தான் இதை எழுதுகிறேன். பின்பக்க சஸ்பென்ஷனில் கை வைத்ததும் எழுந்த சத்தத்துக்குக் கிரவுனைக் காரணமாகச் சொல்வது சோம்பேறித்தனமான தீர்ப்பு. நல்ல நிலையில் இருக்கும் ஒரு பாகத்தைப் பிரித்துக் கெடுக்கிற தீர்ப்பும்கூட.

நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவில் வண்டியில் என்ன மாறியது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். பொலிரோ, ஜிப்சி, ஆம்னி போன்ற பட்டை ஸ்பிரிங் வண்டிகளில் சுமை ஏற்றினால் பின்பக்கம் உட்கார்ந்துவிடுகிறது என்று கூடுதலாக ஒரு பட்டை சேர்க்கிறார்கள், அல்லது பட்டையின் பின்முனையைத் தாங்கும் ஷேக்கிளை நீளமானதாக மாற்றுகிறார்கள். இன்னோவா, ஸ்கார்ப்பியோ மாதிரி காயில் ஸ்பிரிங் வண்டிகளில் கெட்டியான ஸ்பிரிங் போடுகிறார்கள், இல்லையென்றால் சுருள்களுக்கு நடுவே ரப்பர் பஃபரைச் சொருகுகிறார்கள். இதில் எந்த வேலையிலும் ஹவுசிங்குக்குள் ஒருவரும் கை விடவில்லை. நேற்று மாலை வரை சத்தமில்லாமல் சுழன்ற பற்கள் ஒரே இரவில் எப்படித் தேயும்? மாறியது உயரம். உயரத்தோடு சேர்ந்து மாறியது, கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணம்.

அந்த ஷாஃப்டின் இரு முனைகளிலும் இருக்கும் யூ.ஜே. கிராஸுக்கு ஒரு பிறவிக் குணம் உண்டு. நேராக நின்றால் சீராகச் சுழலும். கொஞ்சம் மடங்கி நின்றால், ஒரு பக்கம் சீரான வேகத்தில் சுற்றினாலும் மறுபக்கம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடி இரண்டு முறை குறையும். 17ஆம் நூற்றாண்டில் ராபர்ட் ஹூக் இந்த மூட்டை விவரித்த காலத்திலேயே தெரிந்த விஷயம் இது. மடங்கும் கோணம் இரண்டு மடங்கானால் இந்த ஏற்ற இறக்கம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். அப்படியிருந்தும் வண்டிகள் அதிராமல் ஓடுவதற்குக் காரணம், முன் மூட்டு செய்கிற கோளாறைப் பின் மூட்டு சரிக்கட்டிவிடுவதுதான். அதற்கு இரு மூட்டுகளும் ஒரே அளவு மடங்கியிருக்க வேண்டும். ஷாஃப்டின் இரு முனைகளிலும் உள்ள கவைகள் ஒரே தளத்தில் நிற்க வேண்டும்.

எண்களை வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். கியர்பாக்ஸ் பின்னோக்கி 3 டிகிரி சரிந்திருக்கிறது. கிரவுனைச் சுழற்றும் பினியனும் அதற்கு இணையாக 3 டிகிரி மூக்கைத் தூக்கி நிற்கிறது. நடுவில் ஷாஃப்ட் 5 டிகிரி சரிவு. ஆக முன் மூட்டில் 2, பின் மூட்டில் 2, சரிக்குச் சரி. இப்போது வண்டியின் பின்பக்கத்தை 2 அங்குலம் தூக்குகிறோம். ஷாஃப்ட் 1.2 மீட்டர் நீளம் என்றால் சரிவு ஏறத்தாழ 2.4 டிகிரி கூடி, முன் மூட்டு 4.4 டிகிரி மடங்கும். அச்சு திரும்பாமல் இருந்தால் பின் மூட்டும் அதே 4.4தான், பிழைத்தோம். ஆனால் பட்டையின் பின்முனையில் நீளமான ஷேக்கிள் மாட்டி அந்த உயரத்தை வாங்கியிருந்தால், பட்டையின் பின்முனை கீழிறங்கி, அச்சே திரும்பி, பினியனின் மூக்கு இன்னும் மேலே போகும். 3 டிகிரி போனது என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் 4.4, பின்னால் 1.4. ஒன்றை ஒன்று சரிக்கட்ட முடியாத இந்த வித்தியாசம்தான் உறுமலாக வெளியே வருகிறது.

அந்த உறுமலும் கிரவுன் சத்தமும் ஒன்றுபோல இருக்கவே இருக்காது. 215/75 ஆர்15 டயர் போட்ட வண்டி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது சக்கரம் நொடிக்கு ஏழரைச் சுற்று சுற்றுகிறது. பினியனுக்கு 10 பல், கிரவுனுக்கு 41 பல் என்றால் ஷாஃப்ட் நொடிக்குச் சுமார் 31 சுற்று. கோணம் தப்பிய மூட்டு, சுற்றுக்கு இரண்டு என்ற கணக்கில் நொடிக்கு 62 முறை அதிரும். பாதத்திலும் சீட்டிலும் உணர்கிற கனத்த அதிர்வு இது. ஒரு வேகத்தில் எழும், அதைத் தாண்டினால் அடங்கும். பல்லோடு பல் சேரும் சத்தமோ நொடிக்கு 310 அதிர்வு. ஒரு ஸ்வரம் மாதிரி காதில் நீளமாக நிற்கும் கூவல். ஆக்சிலேட்டரை அழுத்தினால் ஒரு மாதிரி, காலை எடுத்தால் வேறு மாதிரி கேட்கும். இரண்டுக்கும் நடுவே இரண்டு ஸ்தாயிக்கு மேல் இடைவெளி. இதைப் பிரித்தறிய இசை தெரிந்திருக்க வேண்டாம், நிதானமாக ஒரு மைல் ஓட்டிக் கேட்டால் போதும். சக்கர பேரிங் சத்தம் வளைவில் கூடிக் குறையும். டயர் சத்தம் தார் ரோட்டிலிருந்து சிமென்ட் ரோட்டுக்கு ஏறியதும் மாறும்.

"ஆனால் சத்தம் பின்னாலிருந்துதானே வருகிறது?" என்பார்கள். வீணையில் விரல் மீட்டுவது தந்தியை, நாதம் பெருகுவது குடத்தில். வண்டியின் தளத்தகடு அப்படிப்பட்ட குடம். சத்தம் எங்கே பெருகிக் கேட்கிறது என்பதை வைத்து எங்கே பிறந்தது என்று முடிவுகட்டக் கூடாது.

இதில் என்னை மிகவும் கோபப்படுத்துவது லிஃப்டில் ஏற்றிக் காட்டும் சோதனை. வண்டியைத் தூக்குகிறார்கள், பின்சக்கரங்கள் அந்தரத்தில் தொங்குகின்றன, கியர் போட்டு ஓடவிட்டு, "கேளுங்க, எப்படிக் கத்துது பாருங்க" என்கிறார்கள். சக்கரம் தொங்கும்போது அச்சு இறங்கி, மூட்டுகள் சாலையில் எப்போதும் நிற்காத கோணத்தில் மடங்கியிருக்கின்றன. கோளாறே இல்லாத வண்டியும் அந்த நிலையில் உறுமக்கூடும். அச்சுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்து, வண்டியின் எடை ஸ்பிரிங் மேல் உட்கார்ந்த பிறகு கேட்பதுதான் சோதனை. மற்றதெல்லாம் உரிமையாளரைப் பயமுறுத்தும் வேலை.

மலைத்தோட்டத்துக்கு உரமும் அங்கிருந்து காய்கறியும் ஏற்றும் ஒரு ஜீப்பை நேரில் பார்த்தேன். பட்டை சேர்த்த பிறகு உறுமல் வந்தது. வேறொரு பட்டறையில் கிரவுன் பினியன் செட்டை மாற்றியிருந்தார்கள், சத்தம் போகவில்லை. பிறகு 90ஆம் நம்பர் ஆயிலை வடித்துவிட்டு 140 ஊற்றியிருந்தார்கள், அப்போதும் போகவில்லை. அடியில் படுத்து ஷாஃப்டின் ஸ்லிப் ஜாயிண்டில் அப்பியிருந்த மண்ணைத் துணியால் துடைத்தபோது இரண்டு அம்புக்குறிகள் தெரிந்தன. கம்பெனியில் போட்டவை. இரண்டும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். இரண்டு பல் தள்ளி நின்றன. ஷாஃப்டைக் கழற்றியவர் குறி பார்க்காமல் சொருகிவிட்டார். உருவி, குறிக்குக் குறி சேர்த்து மாட்டியதும் பெரும்பகுதி உறுமல் அடங்கியது. மிச்சத்துக்கு ஆங்கிள் கேஜ் வைத்துப் பார்த்து, பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே ஓர் ஆப்புத் தகடு கொடுத்தோம், அவ்வளவுதான். அந்தத் தகட்டைத் திருப்பிப் போட்டுவிட்டால் கோணம் இரட்டிப்பாகக் கெடும் என்பதால் அளக்காமல் அதைத் தொடவே கூடாது. மாற்றிய கிரவுன் செட்டின் காசு அந்த விவசாயிக்குத் திரும்பி வரப்போவதில்லை.

ஷாஃப்டுக்குச் சம்பந்தமே இல்லாத சத்தங்களும் இருக்கின்றன. பின் அச்சைத் தாண்டிப் போகும் சைலன்சர் குழாய், உயரம் மாறியதும் ஏதாவதொரு பிராக்கெட்டில் ஒட்டிக்கொண்டு முழங்கும். கையால் ஆட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். புஷ் விஷயம் இதைவிட நுட்பமானது. வண்டி தொங்கும் நிலையிலேயே ஷேக்கிள் போல்ட்டையும் இணைப்புக் கம்பிகளின் போல்ட்டையும் முழுசாக முறுக்கிவிட்டால், வண்டி தரையில் இறங்கியதும் உள்ளே ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும். கிறீச்சிடும், சில மாதங்களில் கிழியும். வண்டி நான்கு சக்கரத்தில் நின்ற பிறகுதான் கடைசி முறுக்கு. ரப்பருக்குப் பதிலாகக் கெட்டியான பாலியூரித்தேன் புஷ் போட்டவர்கள் கேட்கும் சத்தமோ புதியதே அல்ல. எப்போதும் இருந்த மெல்லிய பல் சத்தத்தை ரப்பர் விழுங்கிக்கொண்டிருந்தது, இப்போது விழுங்க ஆளில்லை. அதற்கும் கிரவுனைப் பிரிக்கிறார்கள்! முன்சக்கர இழுவை உள்ள ஸ்விஃப்ட், ஐ20 மாதிரி கார்களில் பின்னால் ஷாஃப்டும் இல்லை, கிரவுனும் இல்லை, அங்கே இந்தப் பேச்சே எழக்கூடாது.

இன்னொரு சமாதானமும் உண்டு. "புதுசுதானே, ஓட ஓட செட் ஆயிரும்." புதுப் பட்டை ஓரளவு அமர்வது உண்மை. ஆனால் தப்பிய கோணம் ஓடுவதால் திருந்தாது. ஓடுவதால் நடக்கிற இன்னொரு காரியம், பட்டையை அச்சோடு பிணைக்கும் யூ போல்ட் தளர்வது. சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் அதைத் திரும்ப முறுக்காவிட்டால் பட்டை அச்சின் மேல் நகரத் தொடங்கும்.

கிரவுன் உண்மையிலேயே கெடுவது உண்டா? உண்டு. ஆயில் வற்றி ஓடிய வண்டி, பினியன் பேரிங் தளர்ந்த வண்டி, பல ஆண்டுகள் அதிக பாரம் இழுத்த வண்டி எல்லாம் கூவத்தான் செய்யும். கோணம் தப்பிய ஷாஃப்டோடு மாதக்கணக்கில் ஓட்டினால் பினியன் பேரிங்கும் சீலும் அடிவாங்கும். ஆயிலை வடித்து, காந்தத்தில் ஒட்டிய தூளைப் பாருங்கள். மை போன்ற நுண்தூள் வழக்கமான தேய்மானம், செதில் செதிலாக வந்தால் கோளாறு. அப்படி ஆதாரம் கிடைத்தால் பிரியுங்கள், நான் தடுக்கவில்லை. ஆதாரம் இல்லாமல் பிரிப்பதைத்தான் எதிர்க்கிறேன். கிரவுனும் பினியனும் ஜோடியாகவே தயாராகின்றன. அவற்றுக்கு நடுவே விடும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டித்தான் இருக்கும். டயல் கேஜ் இல்லாமல், பல்லில் சாயம் பூசித் தடம் பார்க்காமல், கை மதிப்பில் திரும்ப மாட்டினால், அதுவரை வாயே திறக்காத கிரவுன் அன்றிலிருந்து கூவும். பிறகு பிட்டர் சொன்னது பலித்துவிட்டதாகப் பேசிக்கொள்வார்கள்.

வண்டி வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பட்டை சேர்த்தோ ஸ்பிரிங் மாற்றியோ உயர்த்திய வண்டியில் உறுமல் வந்தால், வண்டி தாங்கும் எடைக்குள் மணல் மூட்டைகளைப் பின்னால் ஏற்றி, பழைய உயரத்துக்கு இறக்கி, அதே ரோட்டில் அதே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். உறுமல் குறைந்தால் குற்றவாளி கோணம். ஷேக்கிள் மாற்றியிருந்தால் பழைய ஷேக்கிளையே திரும்ப மாட்டிப் பாருங்கள். கியர்பாக்ஸ் முனையிலும் ஷாஃப்டிலும் பினியனிலும் கோணத்தை அளந்து தாளில் எழுதித் தரச் சொல்லி பிட்டரிடம் கேளுங்கள். அந்த எண்கள் உங்கள் கைக்கு வரும்வரை ஹவுசிங்கில் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற விடாதீர்கள்.