வீட்டுக்கும் வேண்டும் கை வைத்தியம்

இரவு பத்து மணிக்கு மேல் தெரு அடங்கிவிடுகிறது. வீட்டில் எல்லோரும் படுத்தாகிவிட்டது. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்கிறது. குளிக்கும் அறைக் குழாயிலிருந்து ஒரு சொட்டு. சற்றுப் பொறுத்து இன்னொரு சொட்டு. குடும்பத் தலைவர் புரண்டு படுக்கிறார். "காலையில் ஆளைக் கூப்பிட வேண்டும்" என்கிறார். சென்ற மாதமும் அவர் இதையேதான் சொன்னார்.

வினாடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்கு 86,400 சொட்டு. 20 சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லி லிட்டர் என்று வைத்துக்கொண்டாலும், நாளொன்றுக்கு நாலு லிட்டருக்கு மேல் வீணாகிறது. வருஷம் முழுவதும் சொட்டினால் 1,500 லிட்டர்! தண்ணீர் லாரி வரும் நேரம் பார்த்துக் குடத்தோடு நிற்கும் ஊரில் இது சின்னக் கணக்கா?

இத்தனைக்கும் காரணம், ஒரு ரூபாய் நாணயத்தை விடச் சிறிய ரப்பர் வாஷர். அது தேய்ந்துவிட்டது, அவ்வளவுதான். அடுத்த வீட்டுப் பெரியவர் சென்ற ஆண்டு தம் வீட்டுக் குழாயில் இதே வாஷரைத் தாமே மாற்றினார். ஆனால் அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. இவர்களும் கேட்கவில்லை. நடுவே இருப்பது ஒரே ஒரு சுவர்!

குழந்தைக்கு வயிற்று வலி என்றால் இதே சுவரைத் தாண்டி ஓமத் தண்ணீர் வந்துவிடும். இருமல் என்றால் சுக்கும் மிளகும் வந்துவிடும். கேட்காமலே நாலு பேர் நாலு யோசனை சொல்வார்கள். உடம்புக்கு இருக்கும் இந்தக் கை வைத்தியம், வீட்டுக்கு மட்டும் ஏன் இல்லாமல் போயிற்று?

திண்ணையோரத்துப் பள்ளிக்கூடம்

முன்பு இருந்தது. ஈயம் பூசுகிறவர் தெருவுக்கு வருவார். மரத்தடியில் சிறு குழி தோண்டி, துருத்தி வைத்து, கரியைக் கனல வைப்பார். பித்தளைப் பாத்திரம் காய்ந்ததும் நவச்சாரத்தைத் தூவுவார். குப்பென்று புகை கிளம்பும். ஈயத்தைத் தொட்டு வைத்துத் துணியால் ஒரு சுற்றுச் சுற்றித் துடைத்தால், பாத்திரத்தின் உட்புறம் வெள்ளி போல் மின்னும். தெருப் பிள்ளைகள் எல்லாம் சுற்றி நின்று பார்ப்பார்கள்.

அம்மி கொத்துகிறவரும், சாணை பிடிக்கிறவரும், குடை ரிப்பேர்க்காரரும் அப்படித்தான். வேலை எல்லோர் கண் முன்னால் நடந்தது. காசு கொடுக்காமலே ஊர் கற்றுக்கொண்டது. எது பழுது, எது தேய்மானம், எதைச் சரி செய்யலாம், எதைத் தூக்கிப் போட வேண்டும் என்பது பார்த்துப் பார்த்தே பிடிபட்டது.

இன்று மிக்ஸி ஒரு பையில் கடைக்குப் போகிறது. மூன்று நாள் கழித்துத் திரும்பி வருகிறது. உள்ளே என்ன பழுது? எந்தப் பாகத்தை மாற்றினார்கள்? அதன் விலை என்ன? வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்ததெல்லாம் கொடுத்த பணம் ஒன்றுதான்.

மூடி வைத்தது யார்?

இதில் வீட்டுக்காரர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. திறந்து பார்க்க முடியாதபடி பொருள்களைச் செய்வதும், சீக்கிரம் தீர்ந்துபோகும்படி செய்வதும் வியாபாரத்தில் ஒரு வித்தையாகவே வளர்ந்திருக்கின்றன. 1924-ம் ஆண்டில் உலகத்தின் பெரிய பல்பு கம்பெனிகள் ஜினீவாவில் கூடி ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதுவரை பல்புகள் 1,500 முதல் 2,000 மணி நேரம் வரை எரிந்து வந்தன. இனி 1,000 மணி நேரம் எரிந்தால் போதும் என்று அவை முடிவு செய்தன. அதற்கு மேல் எரியும் பல்பைச் செய்த கம்பெனிக்கு அபராதம்! நன்றாக உழைக்கும் பொருளைச் செய்ததற்குத் தண்டனை விதித்த விந்தை அது.

இப்போதோ கைபேசியின் பாட்டரியைப் பசை போட்டு ஒட்டிவிடுகிறார்கள். சாதாரணத் திருப்புளிக்கு அகப்படாத ஸ்க்ரூக்களைப் போடுகிறார்கள். முடிவு என்ன? 2022-ம் ஆண்டில் மட்டும் உலகத்தில் குவிந்த மின்னணுக் குப்பை 6 கோடியே 20 லட்சம் டன் என்று ஐக்கிய நாடுகள் சபையின் அறிக்கை கணக்கிட்டிருக்கிறது. அதில் கால் பங்கு கூட முறையாகச் சேகரித்து மறு உபயோகத்துக்குக் கொண்டு போனதாகக் கணக்கில் இல்லை.

அரசாங்கங்கள் விழித்துக்கொண்டு வருகின்றன. பழுது பார்க்கும் உரிமை பற்றி ஆராய இந்திய அரசு 2022 ஜூலையில் ஒரு குழுவை அமைத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் அதற்காக இணைய தளம் ஒன்றையும் திறந்தது. ஐரோப்பிய யூனியன் 2024-ல் சட்டமே இயற்றிவிட்டது. நல்லதுதான். ஆனால் சட்டம் மூடியைத்தான் திறந்து கொடுக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது மக்களின் வேலை.

பக்கத்தில் உட்கார்ந்து பார்!

அதை எப்படிச் செய்வது என்று ஹாலந்து நாடு காட்டியிருக்கிறது. மார்ட்டினா போஸ்ட்மா என்ற பெண் பத்திரிகையாளர் 2009 அக்டோபரில் ஆம்ஸ்டர்டாம் நகரில் ஒரு கூட்டம் நடத்தினார். சொற்பொழிவு கிடையாது. மாலை மரியாதை கிடையாது. மேஜைகள் போட்டுக் கருவிகளைப் பரப்பி வைத்தார்கள். கைவேலை தெரிந்தவர்கள் ஒரு பக்கம்; பழுதான சாமானோடு வந்தவர்கள் மறு பக்கம். காப்பி குடித்துக்கொண்டே வேலை நடந்தது.

கூலி இல்லை. ஆனால் சாமானை வைத்துவிட்டு எழுந்து போகிற பேச்சும் இல்லை! கொண்டு வந்தவர் கூடவே உட்கார வேண்டும். என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். முடிந்தால் கையும் கொடுக்க வேண்டும். 'ரிப்பேர் கபே' என்ற பெயரில் இன்று உலகெங்கும் இத்தகைய கூட்டங்கள் ஆயிரக்கணக்கில் நடக்கின்றன. பெங்களூரிலும் நடத்தியிருக்கிறார்கள். அந்த ஈயம் பூசுகிறவரின் மரத்தடிதான் வேறு உருவத்தில் திரும்பி வந்திருக்கிறது.

இதற்குப் பெரிய படிப்பு வேண்டும் என்று அஞ்ச வேண்டியதில்லை. கோயமுத்தூர் ஜி.டி.நாயுடு அதிகம் பள்ளிக்கூடம் போனவரல்லர். ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்து, மறுபடி பூட்டிப் பார்த்துத்தான் இயந்திர வித்தையைக் கற்றார். அதைவிட முக்கியமானது, கற்றதைத் தம்மோடு வைத்துக்கொள்ளாமல், பிறர் கற்கத் தொழிற்கல்வி நிலையங்கள் அமைப்பதில் முன்னின்றார் என்பது.

சிவப்புப் பொத்தான்

வீட்டில் பகிர்ந்துகொள்ள என்ன இருக்கிறது என்று கேட்கலாம். எத்தனையோ இருக்கிறது.

மாவு அரைத்துக்கொண்டிருக்கும்போது மிக்ஸி திடீரென்று நின்றுவிட்டதா? பல மிக்ஸிகளின் அடியில் ஒரு சிறு சிவப்புப் பொத்தான் உண்டு. பாரம் அதிகமானால் மோட்டார் கருகாமல் காப்பதற்காக அது தானே வெளியே தள்ளி மின்சாரத்தை நிறுத்திவிடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சிறிது நேரம் ஆறவிட்டு, பொத்தானை உள்ளே அழுத்தினால் பழையபடி ஓடும். இது தெரியாமல் கடைக்குச் சுமந்து போனவர்கள் எத்தனை பேர்!

மின்விசிறி முழு வேகத்தில் வைத்தும் சோம்பலாகச் சுற்றுகிறதா? பெரும்பாலும் குற்றவாளி அதன் கண்டென்சர்தான். அதை எலெக்டிரீஷியனே மாற்றட்டும். ஆனால் பெயர் தெரிந்து வைத்திருந்தால், "மோட்டாரே போய்விட்டது" என்று யாராவது சொல்லும்போது, "கண்டென்சரைப் பார்த்தீர்களா?" என்று ஒரு வார்த்தை கேட்கலாம்.

சரியாக வந்ததை மட்டுமின்றித் தவறிப் போனதையும் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் மரக் கதவு ஊறி இறுகுகிறது. அவசரப்பட்டு இழைப்புளியால் சீவிவிட்டார் ஒருவர். கோடை வந்தது, மரம் காய்ந்தது, கதவுக்கும் நிலைக்கும் நடுவே விரல் நுழையும் சந்து! முதலில் மெழுகுவத்தியைத் தேய்த்துப் பார்த்திருக்கலாம். வால்வை மூடாமல் குழாயைக் கழற்றித் தலையோடு நனைந்தவர் கதையும் இப்படித்தான். வெட்கப்பட்டு அவர் மறைத்தால் தெருவில் இன்னும் நாலு பேர் நனைவார்கள். சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டால் அவரே கடைசி ஆள்.

எங்கே நிறுத்த வேண்டும்?

கை வைத்தியம் தெரிந்த பாட்டிக்கு இன்னொன்றும் தெரியும். எந்தக் காய்ச்சலுக்குக் கஷாயம், எந்தக் காய்ச்சலுக்கு டாக்டர் என்று அவள் அறிவாள். வீட்டு வேலையிலும் அந்த நிதானம் வேண்டும்.

பியூஸ் அடிக்கடி போகிறதே என்று தடித்த கம்பியைச் சுற்றிவிடுவது சாமர்த்தியமல்ல. வீட்டுக்கு வைக்கும் கொள்ளி. உருகி அறுந்து ஆபத்தைத் தடுப்பதற்காகவே பியூஸ் இருக்கிறது. மூன்று கால் பிளக்கில் ஒரு கால் மட்டும் நீண்டு தடித்திருப்பது அழகுக்காக அல்ல. எர்த் முதலில் சேர்ந்து கடைசியில் பிரிய வேண்டும் என்பதற்காக. அதை ஒடித்துவிட்டு இரண்டு துளையில் சொருகுகிறவர் தம் உயிரோடு விளையாடுகிறார்.

காஸ் அடுப்பின் ரப்பர் குழாயை ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். கசிவு இருக்கிறதா என்று பார்க்கச் சோப்பு நுரை போதும். தீக்குச்சி கூடவே கூடாது. குக்கரின் ரப்பர் கேஸ்கெட்டை வீட்டிலேயே மாற்றலாம். ஆனால் சேப்டி வால்வு இருக்கும் இடத்தை வேறு எதையாவது வைத்து அடைக்கக் கூடாது. அந்தக் கம்பெனியின் வால்வைத்தான் பொருத்த வேண்டும்.

தொழிலாளி பிழைப்பு?

"எல்லோரும் தாங்களே செய்துகொண்டால் மெக்கானிக்குகள் என்ன செய்வார்கள்?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கை வைத்தியத்தால் டாக்டர்கள் பட்டினி கிடந்ததுண்டா? வாஷர் மாற்றிப் பழகியவருக்குத்தான், சுவருக்குள் வெடித்த குழாயைக் கண்டுபிடித்து அடைப்பவரின் திறமை புரியும். திறமை புரிந்தவர் கூலியில் பேரம் பேச மாட்டார். பழுதாக்கிவிட்டுப் புதிது வாங்கும் வழக்கம் முற்றினால்தான் தொழிலாளியின் பிழைப்பு போகும். வீட்டுக்காரர் வாஷர் மாற்றுவதால் போகாது.

மெயின் சுவிட்ச் எங்கே?

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. பல வீடுகளில் இந்த அறிவு ஒரே ஒருவரிடம் இருக்கிறது. பெரும்பாலும் அவர் அப்பா அல்லது அண்ணன். அவர் ஊரில் இல்லாத நாளில் வீடே கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறது. அவர் காலமாகிவிட்டால், கொக்கியில் மாட்டியிருக்கும் கருவிப் பை மட்டும் மிஞ்சுகிறது. அதை எடுத்துப் புழங்கத் தெரிந்தவர் யாரும் இல்லை.

ஈரக் கையோடு ஒருவர் ஹீட்டரைத் தொட்டு ஷாக் அடித்து விழுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரைத் தொடக் கூடாது. முதலில் மெயின் சுவிட்சை நிறுத்த வேண்டும். அந்த நிமிஷத்தில் வீட்டில் இருப்பவர் மனைவியாக இருக்கலாம். பத்து வயதுப் பையனாக இருக்கலாம். அவர்களுக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரியுமா? தெரியாவிட்டால் அந்தக் குடும்பத் தலைவர் கற்று வைத்திருந்த அத்தனையும் அவருக்கே உதவாமல் போகும்!

திருப்புளி ஆண்பிள்ளைகளின் கருவி என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. தையல் மெஷின் இறுகினால் பாபினைக் கழற்றி, நூல் பிசிறை எடுத்து, எண்ணெய் விட்டு ஓட்டுவது யார்? அந்த விரல்களுக்குக் குழாய் வாஷர் எம்மாத்திரம்? பெண்ணுக்குச் சமையல் கற்றுக் கொடுக்கும் தாய் வால்வு மூடும் விதத்தையும் காட்டட்டும். பிள்ளைக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுக்கும் தகப்பன் செயின் மாட்டவும் சொல்லித் தரட்டும்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. பலகாரம் ஆனதும் வீட்டில் உள்ளவர்கள் எல்லோரும் ஒரு முறை எழுந்து வரட்டும். மெயின் சுவிட்ச் இது, தண்ணீர் வால்வு இது, காஸ் மூடும் இடம் இது என்று சிறியவர் முதல் பெரியவர் வரை தொட்டுப் பார்த்து வைத்துக்கொள்ளட்டும். பிறகு அந்தச் சொட்டும் குழாயைக் கவனிக்கலாம்.

வாஷர் மாற்றத் தெரியவில்லையா? அடுத்த வீட்டுப் பெரியவரைக் கூப்பிடுங்கள். அவர் மகிழ்ச்சியோடு வருவார். அவர் செய்யும்போது பிள்ளைகளைப் பக்கத்தில் நிற்க வையுங்கள்.