சாலை இன்னும் இரண்டு நாள் மூடியே கிடக்கட்டும்!



2025 மே 17 அன்று, சென்னை தரமணியில், டைடல் பூங்கா அருகே, பட்டணத்தின் பகட்டுக்குப் பெயர்போன சாலை ஒன்று திடீரென உள்வாங்கிற்று. ஓடிக்கொண்டிருந்த கார் குழிக்குள் இறங்கிற்று. உள்ளிருந்தோர் பிழைத்தனர். எங்கள் சுரங்க வேலையால் அல்ல என்றது மெட்ரோ நிர்வாகம். பழி விழுந்தது, பாதாளச் சாக்கடைக் குழாயின் மீது!

உத்தரகோசமங்கையில் இருப்பவனுக்குத் தரமணிப் பள்ளம் எதற்கு என்று கேட்பீர்கள். கண்மாய் பெருகாத ஆண்டில் கடப்பாரை தூக்கிப் பட்டணம் போகிறவன் யார்? நம் ஆள்தானே! அந்தப் பள்ளங்களில் இறங்குகிறவனும் அவன்தானே!

சிமெண்டுக் குழாய் எப்படிச் சாகிறது, தெரியுமா? தேங்கிய கழிவிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு கிளம்புகிறது. குழாயின் மேற்புற ஈரத்தில் நுண்ணுயிர்கள் அதைக் கந்தக அமிலமாக்குகின்றன. அமிலம் குழாயை அரிக்கிறது. மண் உள்ளே சரிகிறது. மேலே தார் மட்டும் தொங்குகிறது. குழாயைத் தின்ற அதே வாயுதான் அதை மாற்றப் போகும் தொழிலாளியையும் தின்கிறது! அழுகிய முட்டை நாற்றம் முதலில் வரும். வாயு மிகுந்தால் மூக்கு மரத்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நம்பி இறங்குவான். ஏறமாட்டான்.

ஆபத்தான சாக்கடைப் பணியில் ஆளை இறக்கக்கூடாது என்று 2013இல் சட்டம் வந்தது. மாண்டவன் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் சொன்ன உச்சநீதிமன்றம், 2023இல் அதை 30 லட்சமாக்கிற்று. 2020இல் ஒன்றிய அரசு 'மேன்ஹோல்' என்ற பெயரையே 'மெஷின் ஹோல்' என்று மாற்றிற்று. பெயர் மாறிற்று, இறங்குகிற ஆள் மாறினானா?

சாலை மூடினால் எழும் கூச்சல் இருக்கிறதே! கடைக்காரர் கத்துவார், கார்க்காரர் சீறுவார். அதிகாரி ஒப்பந்தக்காரரை விரட்டுவார். ஒப்பந்தக்காரர் மேஸ்திரியை விரட்டுவார். மேஸ்திரி யாரை விரட்டுவார்? அந்த அவசரத்தில் முதலில் விடுபடுவது வாயுச் சோதனை. அடுத்து, பள்ளத்தின் பக்கங்களுக்குக் கொடுக்கும் பலகை முட்டு.

தொழிற்சங்கத் தோழர்கள் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கவேண்டும்: மேல்குழியில் அடைப்பு, கழிவைச் சுற்றிக் கடத்தும் பம்பு, நாள்தோறும் வாயுச் சோதனை, பள்ளத்துக்கு முட்டு. அடைப்பு வைப்பதும் இயந்திரத்தின் வேலை. இவை முடியும்வரை தடுப்புப் பலகை நிற்கட்டும். பேருந்து சுற்றிப் போகட்டும்!