கோர்ட் படியில் நிற்கும் புகார்கள்



இங்கிலாந்தில் உறவுகள் இருக்கிற வாசகர்கள் நமக்கு நிறைய. அங்கே போய் வந்தவர்கள் பேச்சில் ஒரு பயம் அடிக்கடி தலைகாட்டும்: 'சோஷியல் சர்வீஸ்காரர்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.' அதில் வதந்தி பாதி. அதைவிட, அப்படி நடக்கும்போது கவுன்சில் தவறு செய்தால் யாரிடம் முறையிடுவது, அந்த முறையீடு எந்த இடத்தில் நின்றுபோகும் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

குழந்தைப் பாதுகாப்பு அங்கே உள்ளூர் கவுன்சிலின் பொறுப்பு. 1989ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டப்படி, பிள்ளையைக் கவுன்சிலின் பராமரிப்பில் வைக்கும் 'பராமரிப்பு ஆணை' பிறப்பிக்கும் அதிகாரம் கோர்ட்டுக்கு மட்டுமே. கவுன்சில் மீதான புகாருக்கு மூன்று படிகள் உண்டு. அவற்றையும் தாண்டினால் ஆம்புட்ஸ்மேன், அதாவது கவுன்சில்கள் மீதான புகார்களை விசாரிக்கும் சுயேச்சையான குறைதீர்ப்பாளர். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. ஆனால் அவருக்கு அதிகாரம் தந்த 1974ஆம் ஆண்டுச் சட்டமே ஒரு வேலியும் போட்டிருக்கிறது: வழக்குத் தொடுத்ததையும், வழக்கு நடந்த விதத்தையும் அவர் விசாரிக்கக் கூடாது.

அவருடைய முடிவுகள் பெயர்களை மறைத்து வெளியிடப்படுகின்றன. தாய் 'திருமதி எக்ஸ்', பிள்ளை 'ஒய்'. கோர்ட் சம்பந்தப்பட்டவை பெரும்பாலும் சிறியவை. இந்தப் புகாரை விசாரிக்க மாட்டோம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடும். சில பத்திகளுக்குள் ஒரு தாயின் கடைசி நம்பிக்கை முடிந்துபோவதைப் படிக்கும்போதெல்லாம் மனம் கனத்துப்போகிறது.

அடிக்கடி வரும் புகார், சோஷியல் வொர்க்கர் கோர்ட்டுக்குக் கொடுத்த அறிக்கையில் உண்மை இல்லை என்பது. அதை நீதிபதியிடம் சொல்லியிருக்க வேண்டும் என்பதே ஆம்புட்ஸ்மேனின் பதில். யோசித்தால் அது நியாயம்தான். அறிக்கை எழுதியவரைக் குறுக்கு விசாரணை செய்ய கோர்ட்டில் வழி உண்டு. பராமரிப்பு ஆணை வழக்கில் பெற்றோருக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே அரசு செலவில் வக்கீல் கிடைக்கிறார். தீர்ப்பு தவறென்றால் பொதுவாக 21 நாளுக்குள் அப்பீலுக்கு மனு போடலாம். நீதிபதி இரு தரப்பையும் கேட்டுத் தீர்த்ததை வேறொருவர் ஒரு கடிதத்தில் மாற்றலாம் என்றால், அந்தப் பிள்ளைக்கு எந்த முடிவும் நிலைக்காது. வேலி வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

என் கவலை, அந்த வேலி இருப்பதே பெற்றோருக்கு எப்போது தெரிகிறது என்பதுதான். இத்தகைய வழக்குகளை 26 வாரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது சட்டத்தின் கெடு. புகாரின் இரண்டாம் படி மட்டுமே 65 வேலை நாள் வரை போகலாம். கோர்ட்டில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைப் புகார்ப் படிவத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவருக்குப் பதில் வருவதற்குள் தீர்ப்பே வந்துவிடலாம். ஆங்கிலம் சரளமாக வராத வீடுகளில் இது இன்னும் எளிதாக நடக்கும்.

வழக்கு நடந்தது என்பதற்காக எல்லாமே வேலிக்குள் போய்விடுவதும் இல்லை. பெற்றோர் பிள்ளையைப் பார்க்கும் நேரத்தை, உடனிருக்க ஆள் இல்லை என்று ரத்து செய்துகொண்டே போவது. பேரனை வளர்க்கும் பாட்டிக்குச் சேர வேண்டிய உதவித்தொகையை இழுத்தடிப்பது. புகாருக்குப் பதிலே போடாமல் இருப்பது. இவை நிர்வாகக் குறைகள். இப்படிப்பட்டவற்றை ஆம்புட்ஸ்மேன் விசாரித்திருக்கிறார். மன்னிப்பும் பணமும் தரச் சொல்லியிருக்கிறார். கவுன்சில்கள் பெரும்பாலும் ஏற்கின்றன. ஆகவே உங்கள் உறவினர் யாருக்காவது தேவைப்பட்டால் சொல்லுங்கள்: பிள்ளை எங்கே வளர வேண்டும் என்பது வக்கீல் வழியாக நீதிபதிக்கு. கவுன்சில் செய்யாமல் விட்டது தனிக் காகிதத்தில், தேதியோடு. குறை தெரியவந்த 12 மாதத்துக்குள் அது ஆம்புட்ஸ்மேனிடம் போய்ச் சேர வேண்டும்.

இன்னொன்று. வழக்கைப் பாதிக்கும் என்று கவுன்சில் ஒரு புகாரை நிறுத்திவைத்தால், காரணத்தை எழுத்தில் தர வேண்டும். வழக்கு முடிந்து ஓராண்டுக்குள் அதே புகாரை மறுபடி கொடுக்க, இந்தப் புகார் நடைமுறைக்கான 2006ஆம் ஆண்டு விதிகள் இடம் தருகின்றன. பிள்ளையைப் பிரிந்து நிற்கும் பெற்றோருக்கு அப்போது பழைய கடிதத்தைத் தேடத் தோன்றுமா? தீர்ப்பு வந்த வாரமே கவுன்சில் தானாக ஒரு நினைவூட்டல் அனுப்ப வேண்டும், அதை அவர்கள் மொழியிலேயே அனுப்ப வேண்டும் என்பது என் விருப்பம்.

அன்புடன்,
ஆசிரியர்