அந்தக் கல்லு நான் வெச்சது

தைப்பூசப் பௌர்ணமிக்கு மெட்ராஸ்ல இருந்து கிரிவலம் வந்த ஒரு தம்பி, எங்க ஊர் பக்கம் காரை நிறுத்தி, ரோட்டுல காயுற நெல்லைப் போட்டோ எடுத்தார். "கிராமம்னா கிராமம்தாங்க ஐயா"ன்னு சந்தோஷப்பட்டார். அவர் மேல கோபமில்ல. ஆனா அந்த அழகைப் பத்திக் கொஞ்சம் காரமாவே எழுதணும்.

கொள்முதல் நிலையத்துல நெல்லு ஈரம் 17 சதவீதம்தான் கணக்கு. தார் ரோட்டுச் சூட்டுல சீக்கிரம் காயும். களம் போதல, அதனால பாதி ரோடு நம்மளுது. கேழ்வரகு, கொள்ளுன்னா கதிரோட, செடியோட பரப்பிடுவோம். போற வண்டியே மிதிச்சுக் குடுத்துடும். பைக்காரன் அதுமேல பிரேக் பிடிச்சா வழுக்கி விழுவான்.

அதைவிட மோசம் கல்லு. பொழுது சாஞ்சதும் நெல்லைக் குவிச்சு, தார்ப்பாய் மூடி, சுத்திக் கல்லு வைப்போம். கறுப்பு ரோட்டுல இருட்டுல எதுவும் தெரியாது. நெல்லை அள்ளிட்டுப் போன பிறகும் கல்லு அங்கயே கிடக்கும்.

நாலு வருஷம் முன்னாடி, டவுன்ல வேலை முடிச்சு ராத்திரி வந்த எங்க தெருப் பையன் அப்படி ஒரு கல்லுல ஏறி விழுந்தான். ஹெல்மெட் போட்டிருந்தான், தலை தப்பிச்சுது. முட்டி போச்சு. இன்னிக்கும் காலைச் சாய்ச்சுதான் நடக்குறான். அந்தக் கல்லு நான் வெச்சது. நெல்லை வித்துக் காசு எண்ணுனேன், கல்லை எடுக்கல. அவங்க அம்மா என்னை ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா தேவலை.

உயர் நீதிமன்றம் சொல்லி 2015 ஜூலை 1ல இருந்து ஹெல்மெட் கட்டாயம் ஆச்சு. 2022ல அபராதம் 1000 ரூபாயும் ஆச்சு. சரிதான், போடணும், பின்னாடி உக்காருறவங்களும் போடணும். ஆனா ஹெல்மெட் போடுன்னு சொல்றவங்க யாராவது கல்லை எடுன்னு சொல்றாங்களா? பொது வழியை மறிச்சா பழைய சட்டத்துல 200 ரூபாய் வரைக்கும் அபராதம், 2024ல வந்த புதுச் சட்டத்துல 5000 வரைக்கும். எங்க பக்கம் அதைக் கட்டுன ஒருத்தரை நான் பார்த்ததில்ல.

"ஏழை விவசாயி வேற எங்க போவான்?"னு நீங்க கேப்பீங்க. விழுறவனும் விவசாயி வீட்டுப் பிள்ளைதாங்க. பால் ஊத்தப் போறவன், உரம் வாங்கப் போறவன், கிரிவலத்துக்குப் பொண்டாட்டி பிள்ளையோட வர்றவன். எங்க கஷ்டத்தைச் சொல்லி அவன் காலை ஒடைக்க எங்களுக்கு உரிமை கிடையாது.

ஊருக்கு ஊரு களம் வேணும். அதை நாங்க கிராம சபையில கேக்கணும். களம் வர்ற வரைக்கும் பொழுதோட அள்ளணும், கல்லைக் கையோட எடுக்கணும். நானு இப்ப அப்படித்தான் செய்யுறேன், ரெண்டு நாளு கூடுதலா ஆவுது, ஆவட்டும்.

நீங்க போட்டோ தாராளமா எடுங்க. எடுத்துட்டு, ரோட்டுல கல்லு கிடந்தா ஓரமாத் தள்ளிட்டுப் போங்க. யாரு வெச்சதுன்னு கேக்காதீங்க.