'எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு!' - எடைக் குறைப்பு ஆபரேஷனுக்குப் பின் இந்த வார்த்தை எப்போது பலம், எப்போது ஆபத்து?

ரசம் தெளிந்த திரவமா, இல்லையா?

எடைக் குறைப்புக்காக வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு வீடு திரும்புபவர்களின் முதல் சந்தேகம் பெரும்பாலும் இந்த மாதிரிதான் இருக்கும். டயட் சார்ட்டில் 'முதல் சில நாட்களுக்குத் தெளிந்த திரவம் மட்டும்' என்று போட்டிருப்பார்கள். அம்மா சுடச்சுட ரசத்தோடு வந்து நிற்பார். மேலாகத் தெளிவை மட்டும் எடுத்துக்கலாமா, மிளகு போடலாமா, புளி ஒத்துக்குமா? இதைக் கேட்க ராத்திரி ஒன்பது மணிக்கு சர்ஜனுக்கு போன் போட முடியாது. ஆறு மாதம் முன்னால் இதே ஆபரேஷன் செய்துகொண்டவரிடம் கேட்கலாம். "வடிகட்டிடுங்க, காரம் வேண்டாம், இருமல் மருந்து மூடியில அளந்து கொஞ்சம் கொஞ்சமா குடிங்க" என்று அவர் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்.

மருத்துவமனைகள் நடத்தும் வாட்ஸ்அப் குழுக்களிலும், மாதம் ஒருமுறை நடக்கும் கூட்டங்களிலும், ஓ.பி. வராண்டாவிலும் ஓடுவது இந்தப் பேச்சுதான். ஆபரேஷன் செலவுக்கான பில்லில் இதற்கு ஒரு வரி கிடையாது. ஆனால் குணமாகும் காலத்தில் இதன் பங்கு பெரியது. அதே அளவுக்கு, சில இடங்களில் இது உயிருக்கே உலை வைக்கக்கூடியதும்கூட. இரண்டையும் சேர்த்துப் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது.

ஏன் இப்போது? தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி, தமிழ்நாட்டில் பெண்களில் 40.4 சதவீதம் பேருக்கும் ஆண்களில் 37 சதவீதம் பேருக்கும் எடை வரம்பை மீறியிருக்கிறது. 2022-ல் சர்வதேச அறுவை சிகிச்சை அமைப்புகள் வழிகாட்டு நெறிகளைத் திருத்தி, ஆசியர்களுக்கு பி.எம்.ஐ. 27.5-லிருந்தே இந்தச் சிகிச்சையைப் பரிசீலிக்கலாம் என்றன. மேஜைக்கு வரப்போகிறவர்களின் எண்ணிக்கை கூடத்தான் செய்யும். 2024-ல் சென்னைப் புறநகரில் இந்த ஆபரேஷனின்போது ஓர் இளைஞர் இறந்த பிறகு, ஆபரேஷன் தியேட்டருக்குள் என்ன நடக்கிறது என்று எல்லோரும் பேசினோம். வீட்டுக்கு வந்த பிறகு என்ன நடக்கிறது என்பதைப் பற்றி யாரும் பேசவில்லை.

வயிறு சின்னதாகிறது, வீடு அப்படியே இருக்கிறது

ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி எடுக்கப்படுகிறது. மிஞ்சுவது வாழைப்பழம் மாதிரி ஒரு குழாய். பைபாஸ் முறையில் இரைப்பையின் மேல்பகுதியில் சிறிய பை ஒன்றை அமைத்து, சிறுகுடலின் ஒரு பகுதியைத் தாண்டி இணைக்கிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோனும், முக்கியமாக ஸ்லீவுக்குப் பிறகு, குறைகிறது. இதெல்லாம் டாக்டர் படம் போட்டே விளக்கிவிடுவார்.

அவர் விளக்காதது வேறு. கல்யாணப் பந்தியில் இலை போட்டதும் சுற்றிலும் பத்துக் கண்கள் பார்க்கும்போது இரண்டு வாய் சாப்பிட்டு எழுந்திருப்பது எப்படி? "என்னப்பா இப்படி இளைச்சுட்டே, சுகரா?" என்று கேட்கும் பெரியப்பாவுக்கு என்ன பதில்? நம்ம ஊரில் எடை குறைந்தால் முதலில் வருவது பாராட்டு இல்லை, நோய் விசாரணை. உண்மையைச் சொன்னாலோ, "வாயைக் கட்ட முடியலன்னு வயித்தை வெட்டிக்கிட்டியா" என்ற இன்னொரு அடி. அதனால் பலர் 'டயட்ல இருக்கேன்' என்று சொல்லி, பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாமல் நடத்தி முடிக்கிறார்கள். இப்படி ஒளித்து வாழ்கிறவருக்கு, ஒளிக்கத் தேவையில்லாத ஒரே இடம் தன்னைப் போன்ற இன்னொருவர்தான்.

முடி கொட்டுவதை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, நான்காவது மாதத்தில் தலையில் கை வைத்தால் கொத்தாக வரும். உடல் வேகமாக எடை இழக்கும் அதிர்ச்சியால் பலருக்கும் நடப்பது இது. புரதமும் இரும்புச் சத்தும் சரியாகப் போனால் சில மாதங்களில் நின்று, திரும்ப வளரும். டாக்டர் இதைச் சொல்லியிருப்பார். ஆனால் சீப்பைப் பார்த்து அழுதுகொண்டிருக்கும் பெண்ணுக்கு அந்த வாக்கியம் போதாது. "எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, இப்போ பாரு" என்று ஒரு வருடத்துக்குப் பிந்தைய போட்டோவை ஒருவர் அனுப்பினால் அன்றிரவு அவள் தூங்குவாள். ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் என்று சார்ட்டில் இருப்பதை, சைவ வீட்டில், மூன்று ஸ்பூனுக்கு மேல் இறங்காத வயிற்றில், பனீராகவும் பாசிப்பருப்பாகவும் புரத மாவு கலந்த மோராகவும் மாற்றிக் காட்டுவதும் இந்த 'சீனியர்'கள்தான். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காதே, அரை மணி நேரம் இடைவெளி விடு என்பது விதி. மேஜையில் சொம்பையே வைக்காதே என்பது அனுபவம்.

"வாந்தியா? அது சகஜம்தான்"

இனி மறுபக்கம். இதே 'எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு' எங்கே விஷமாகிறது?

வேகமாகச் சாப்பிட்டால், சரியாக மெல்லாமல் விழுங்கினால், இந்தச் சின்ன வயிறு திருப்பி அனுப்பிவிடும். குழுவில் பாதிப் பேருக்கு இந்த அனுபவம் இருக்கும். ஆகவே ஒருவர் "நாலு நாளா எதுவும் தங்க மாட்டேங்குது" என்று எழுதினால், பதிலும் தயாராக இருக்கும்: "எல்லாருக்கும் வர்றதுதான், பயப்படாதீங்க. ரொம்ப முடியலன்னா பக்கத்து கிளினிக்ல ஒரு ட்ரிப்ஸ் போட்டுக்குங்க."

அன்பான பதில்தான். ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது.

தயமின் எனப்படும் வைட்டமின் பி1-ஐ நம் உடலால் அதிகம் சேமித்து வைக்க முடியாது. கையிருப்பு இரண்டு, மூன்று வாரங்களுக்குத்தான் வரும். ஏற்கெனவே சாப்பாடு குறைவு. அதன் மேல் தொடர் வாந்தி என்றால் கையிருப்பு காலி. அந்த நிலையில் மூளைக்கு வரும் பாதிப்புக்கு வெர்னிக்கி என்று பெயர். பெரும்பாலும் ஆபரேஷன் முடிந்த முதல் மூன்று மாதங்களுக்குள் இது தலைகாட்டுகிறது. கண் பார்வை இரண்டிரண்டாகத் தெரியும், நடை தள்ளாடும், பேச்சில் குழப்பம் வரும். அலட்சியமாக விட்டால் நினைவாற்றல் நிரந்தரமாகப் போகலாம், உயிரும் போகலாம்.

ட்ரிப்ஸ் விஷயத்துக்கு வருவோம். நம் ஊர் கிளினிக்கில் சோர்வு என்று போனால் ஏற்றுவது பெரும்பாலும் குளுக்கோஸ். அந்தக் குளுக்கோஸை உடல் எரிக்க தயமின் வேண்டும். மிச்சம் மீதி இருந்த தயமினும் அதில் கரைந்து, நோயாளியின் நிலை மோசமாகலாம். முதலில் தயமின் ஊசி, பிறகுதான் குளுக்கோஸ் என்பது மருத்துவ விதி. தனக்கு இந்த ஆபரேஷன் நடந்திருக்கிறது என்று நோயாளி வாய் திறந்து சொன்னால்தானே கிளினிக் டாக்டருக்கு அது தோன்றும்? ஊருக்கே மறைத்தவர் அங்கே மட்டும் சொல்வாரா? சென்னையிலோ கோவையிலோ ஆபரேஷன் செய்துகொண்டு தென்காசிக்கோ திருவாரூருக்கோ திரும்பியவருக்கு இது வெறும் கற்பனைச் சிக்கல் இல்லை.

இன்னும் சில உண்டு. முதல் சில வாரங்களில் தையல் போட்ட இடத்தில் கசிவு ஏற்படலாம். ஓய்வில் இருக்கும்போதும் இதயத்துடிப்பு 120-ஐத் தாண்டி ஓடுவது, காய்ச்சல், வயிற்றிலோ இடது தோளிலோ வலி, மூச்சு வாங்குவது, கெண்டைக்காலில் வீக்கம், கறுப்பாக மலம் போவது. இவற்றில் எது வந்தாலும் குழுவில் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது, நேராக மருத்துவமனைக்கு ஓட வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் வகை வலி மாத்திரைகள் பைபாஸ் செய்தவருக்குப் புண்ணை உண்டாக்கும். "நான் சுகர் மாத்திரையை நிறுத்தியே மூணு மாசம் ஆச்சு" என்று ஒருவர் பெருமையாகச் சொல்வதைக் கேட்டு இன்னொருவர் தானாக நிறுத்துவதும் நடக்கும். சர்க்கரை அளவு குறைவது உண்மைதான். ஆனால் எந்த மாத்திரையை, எப்போது, எவ்வளவு குறைப்பது என்பது அவரவர் பரிசோதனை முடிவைப் பொறுத்தது.

"உங்களுக்கு எத்தனை கிலோ?"

ஆபத்து அளவுக்கு இல்லாவிட்டாலும், குழுக்களைக் கெடுக்கும் இன்னொரு பழக்கம் இந்தக் கேள்வி. 140 கிலோவில் தொடங்கிய ஆணையும் 95 கிலோவில் தொடங்கிய பெண்ணையும் ஒரே மாத எண்ணிக்கையில் ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. ஆனாலும் ஒப்பிடுகிறார்கள். நன்றாகக் குறைந்தவர் தினமும் பதிவிடுவார், எடை நின்றுபோனவர் மெதுவாக மௌனமாவார், பிறகு வெளியேறுவார். கடைசியில் குழுவில் மிஞ்சுவது வெற்றிக் கதைகள் மட்டும்தான். ஆதரவு யாருக்குத் தேவையோ அவர் அங்கே இல்லை.

இதனால்தான் ஆய்வு முடிவுகளையும் கொஞ்சம் யோசித்துப் படிக்க வேண்டும். ஆதரவுக் கூட்டங்களுக்கு வருபவர்கள் கூடுதலாக எடை இழக்கிறார்கள் என்று 2011-ல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு காட்டியது. கூட்டத்துக்கு வந்ததால் குறைந்ததா, குறைந்ததால் தைரியமாகக் கூட்டத்துக்கு வந்தார்களா? இரண்டுமே கலந்திருக்கலாம்.

எடை திரும்பக் கொஞ்சம் ஏறுவது இயல்பு. சுவீடனில் 1987-ல் தொடங்கிய நீண்டகால ஆய்வில், பைபாஸ் செய்தவர்கள் முதல் ஓரிரு வருடங்களில் சராசரியாக 32 சதவீதம் எடை இழந்தார்கள்; பத்து வருட முடிவில் அது 25 சதவீதமாக இருந்தது. அதாவது, ஏறியும் பெரும்பகுதி நிலைத்தது. இந்த ஒரு தகவல் குழுவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தால், ஐந்து கிலோ ஏறியவர் குற்றவாளி மாதிரி ஒளிய வேண்டியதில்லை.

ஒளிவதற்கு விலை இருக்கிறது. அமெரிக்காவில் பத்து மருத்துவமனைகளில் நடந்து 2012-ல் வெளியான ஆய்வில், மதுப் பழக்கச் சிக்கல் ஆபரேஷனுக்கு முன் 7.6 சதவீதம் பேரிடம் இருந்தது. இரண்டாவது வருடத்தில் 9.6 சதவீதமானது. பைபாஸுக்குப் பிறகு மது ரத்தத்தில் சட்டென ஏறிவிடும். பழைய கணக்கில் 'ரெண்டு பெக்' என்பது செல்லாது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 8,815 பேரைக் கவனித்து 2016-ல் வெளியான ஆய்வில், ஆபரேஷனுக்குப் பிந்தைய மூன்று ஆண்டுகளில் தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டு அவசர சிகிச்சைக்கு வந்த சம்பவங்கள், முந்தைய மூன்று ஆண்டுகளைவிட ஏறத்தாழ 50 சதவீதம் கூடியிருந்தன. அப்படிப்பட்டவர்கள் எண்ணிக்கையில் சிறு பகுதிதான். ஆனால் 'எடை குறைஞ்சாச்சு, இனி சந்தோஷம்தானே' என்று எல்லோரும் நினைக்கும் வருடங்களில்தான் இது நடக்கிறது. மனம் கனக்கிறவர்கள் 104-ஐயோ 14416-ஐயோ அழைத்துப் பேசலாம்.

யார் பொறுப்பு?

சக நோயாளியின் பேச்சைச் சிகிச்சையின் ஒரு பகுதியாக்கிய முன்மாதிரிகள் உண்டு. மார்பகத்தை இழந்த டெரீஸ் லாசர் என்ற அமெரிக்கப் பெண், 1952-ல் தன்னைப் போன்ற பெண்களை மருத்துவமனைக் கட்டிலருகே போய்ச் சந்திக்கத் தொடங்கினார். 1969-ல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் அதைத் தன் திட்டமாக ஏற்றது. பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் தங்கள் அனுபவத்தைச் சொல்வார்கள், மருத்துவ ஆலோசனை சொல்ல மாட்டார்கள் என்பதுதான் அதன் அடிப்படை. சென்னையில் 1980-ல் தொடங்கிய டி.டி.கே. மதுப் பழக்க மீட்பு மருத்துவமனையைப் பார்த்தவர்களுக்கும், மீண்டவர் மீள்பவருக்குக் கைகொடுப்பது புதிய செய்தி இல்லை.

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சையில் மட்டும் இது பெரும்பாலும் விளம்பரத் துறையின் கையில் கிடக்கிறது. முன்-பின் போட்டோ, மேடையில் ஒரு பாராட்டு, புதிதாக ஆளைக் கூட்டி வந்தால் தள்ளுபடி என்று போகும்போது, அந்த 'சீனியர்' சொல்வது ஆறுதலா வியாபாரமா என்று கேட்கத்தான் வேண்டும். குழுவில் ஓர் உணவியல் நிபுணரோ நர்ஸோ தினமும் எட்டிப் பார்க்க வேண்டும். ஆபத்து அறிகுறிகள் தமிழில் எப்போதும் மேலே தெரிய வேண்டும். 'எனக்கு ஸ்லீவ் நடந்திருக்கிறது, குளுக்கோஸுக்கு முன் தயமின் பாருங்கள்' என்று ஒரு சீட்டு, நோயாளியின் பர்ஸில் இருக்க வேண்டும். லட்சங்களில் பில் போடும் இடங்களுக்கு இது ஒரு செலவே இல்லை.

கூடவே, டாக்டரும் சீனியரும் ஒன்றுசேர்ந்தால்தான் தீரும் சிக்கல்களும் உண்டு. ஆபரேஷன் முடிந்து 12 முதல் 18 மாதங்கள் வரை கர்ப்பம் தரிக்க வேண்டாம் என்பது பொதுவான அறிவுரை. எடை வேகமாகக் குறையும் காலத்தில் தாய்க்கும் குழந்தைக்கும் சத்து போதாது. கல்யாணத்துக்காகவே எடை குறைத்த பெண்ணிடம் மூன்றாவது மாதமே "விசேஷம் ஏதும் உண்டா?" என்று கேட்பார்கள். மாமியாரிடம் எதைச் சொல்லி ஒரு வருடம் தள்ளிப்போடுவது, கணவரை எப்படிப் பேச வைப்பது என்பதை அதைக் கடந்து வந்தவள்தான் சொல்லித்தர முடியும். பைபாஸ் செய்திருந்தால் கருத்தடை மாத்திரை முழுதாக உடலில் சேராமல் போகலாம், வேறு வழி பார்க்க வேண்டும் என்பதை மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.