'சர்வர் ஏத்துக்கல' என்பது ஒரு பதிலா?

ஓய்வூதியர்கள் உயிர்வாழ் சான்று கொடுக்கப் போகும் இடங்களில் ஒரு வாக்கியம் நிரந்தரமாகக் குடியிருக்கிறது: "சர்வர் ஏத்துக்கல, அடுத்த வாரம் வாங்க." ஏலகிரியிலிருந்து பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கிப் போன கிழவருக்கு இது பதிலே இல்லை என்பது என் கட்சி.

சர்வர் எப்படி வேலை செய்கிறது? 1983இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் யூனிக்ஸில் வந்த 'சாக்கெட்' முறைதான் இன்றும் அடிப்படை. சர்வர் எண் போட்ட ஒரு வாசலைத் திறந்து வைத்துக் காத்திருக்கும். யாராவது தட்டினால், 'அக்செப்ட்' என்ற கட்டளை அவருக்கென்று தனி இணைப்பைக் கொடுக்கும். வாசல் அடுத்தவருக்காகத் திறந்தே இருக்கும். வந்தவர் யார் என்று அக்செப்ட் விசாரிப்பதில்லை. விசாரணை அதற்குப் பிறகுதான். அதிலும், பாதுகாப்பான இணைப்பில் முதலில் சர்வர்தான் தன் சான்றிதழைக் காட்டித் தன்னை நிரூபிக்க வேண்டும்.

அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. தபால் பிரிவு மனுவை வாங்கும், பதிவேட்டில் ஏற்றும், எண் போடும். மனு தகுதியானதா என்று பார்ப்பது வேறு பிரிவின் வேலை. தள்ளுபடி செய்தாலும் காரணம் எழுதித்தான் அனுப்ப வேண்டும். 'மேசை ஏற்கவில்லை' என்று எந்தக் குமாஸ்தாவாவது சொன்னதுண்டா?

ஆதார் சர்வரும் காரணம் சொல்லாமல் இருப்பதில்லை. ரேகை சரியா என்று கேட்டால் 'ஆம்' அல்லது 'இல்லை' என்று பதில் தரும். இல்லையென்றால் பிழை எண்ணும் வரும். 300 என்றால் ரேகை பொருந்தவில்லை. கையைக் கழுவித் துடைத்து வேறு விரலை வைத்துப் பார்க்கலாம். 330 என்றால் நம் பயோமெட்ரிக்கை நாமே பூட்டி வைத்திருக்கிறோம், திறந்தால் போதும். பதிலே வரவில்லையென்றால் கோளாறு இணைப்பில். நம் விரலின்மேல் குற்றமில்லை. மூன்று நோய்க்கு மூன்று மருந்து. எல்லாவற்றையும் 'சர்வர் ஏத்துக்கல' என்ற ஒரே குப்பியில் அடைத்தால் எந்த நோய் தீரும்?

ஆம்பூர், வாணியம்பாடி தோல் பதனிடும் தொழிற்சாலைகளில் ஆண்டுக்கணக்கில் சுண்ணாம்பிலும் ரசாயனத்திலும் கை நனைத்தவர்களை நினைத்துப் பாருங்கள். உழைப்பு தேய்த்த ரேகை அது. வருங்கால வைப்பு நிதித் திட்டத்தின் குறைந்தபட்ச ஓய்வூதியமான மாதம் 1,000 ரூபாயை நம்பி இருப்பவரை ஒரு வாரம் கழித்து வரச் சொல்வது, பேருந்துக் காசையும் பிடுங்கிக்கொள்வதுதான்.

இறந்தவர் பெயரில் பணம் எடுக்கும் மோசடியைத் தடுக்க வேண்டாமா என்பார்கள். தடுக்கட்டும். சரிபார்ப்பதை நான் எதிர்க்கவில்லை. நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். புதுச்சேரியின் பிரெஞ்சு ஓய்வூதியர்களுக்கும் ஆண்டுதோறும் 'செர்த்திஃபிகா த வீ' என்ற உயிர்ச் சான்று உண்டு. அங்கே எதிரில் நிற்கும் மனிதரைக் கண்ணால் பார்த்துக் கையெழுத்திடலாம். நம் நாட்டிலும் 2014 நவம்பரில் வந்த 'ஜீவன் பிரமாண்' திட்டத்தில் கருவிழி உண்டு. 2021 முதல் முகத்தைக் காட்டியும் சான்று பெறலாம். ரேகை பொருந்தாததற்காக உரியவருக்கு உதவியை மறுக்கக்கூடாது, வேறு வழியில் அடையாளம் காட்ட இடம் தர வேண்டும் என்று 2018 ஆதார் தீர்ப்பில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. வழிகள் இருக்கின்றன, சொல்லத்தான் ஆளில்லை.

ஆகவே நண்பர்களே, அடுத்த முறை வெறுங்கையோடு திரும்பாதீர்கள். "என்ன பிழை எண் வந்தது? அதை எழுதிக் கொடுங்கள். வேறு வழி என்ன?" என்று நிதானமாகக் கேளுங்கள். வீட்டுக்குப் போன் செய்து, "பென்ஷன் ஆபீஸ், ஓடிபி சொல்லுங்க" என்பவனிடமும் இதே நியாயம்தான்: சர்வரே முதலில் தன்னை நிரூபிக்கும்போது, அவன் மட்டும் நிரூபிக்க வேண்டாமா? பேச்சை வளர்க்காமல் போனை வையுங்கள்.