சந்தை எவன் வீட்டுத் திண்ணை?

செல்போன் சந்தைக்குச் சாதி கிடையாதாம். வாங்குகிறவனுக்கு விற்கிறவன் முகம் தெரியாது, விற்கிறவனுக்கு வாங்குகிறவன் குலம் தெரியாது, பொருள் நன்றாக இருந்தால் விற்கும், இல்லாவிட்டால் விற்காது, இதைவிட வேறென்ன சமத்துவம் வேண்டும் உங்களுக்கு என்று கேட்கிறார்கள். கேட்கிறவர்கள் யாரென்று பாருங்கள். தாத்தா காலத்துக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வளர்ந்தவர்கள். நம் பாட்டன்மாரை வாசலுக்கு வெளியே நிற்கவைத்து, காசைத் தரையில் வைக்கச் சொல்லி, பொட்டலத்தைத் தூக்கிப் போட்ட கல்லாப்பெட்டி அது. அங்கேயிருந்து எழுந்து வந்து நமக்குச் சமத்துவப் பாடம் நடத்துகிறார்கள்.

இன்னொரு பக்கம் நம் தோழர்கள். "நிலத்துக்குப் போராட வேண்டிய நேரத்துல நைட்டி விக்கிறதப் பத்திப் பேசறியே" என்று ஒரு தோழர் என்னைப் பார்த்துச் சிரித்தார். வியாபாரம் என்றாலே குட்டி முதலாளித்துவம், அது நம் வேலையில்லை என்று ஒதுக்குகிற பழக்கம் இயக்கத்துக்குள் ரொம்ப நாளாக இருக்கிறது. இந்த இரண்டு தரப்புக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

தர்பூசணியும் தீட்டும்

விற்பது என்பது நமக்கு என்றைக்கும் வெறும் வியாபாரமாக இருந்ததில்லை. 1919ல் சவுத்பரோ குழுவின் முன் சாட்சியம் சொன்ன அண்ணல் அம்பேத்கர், தீண்டப்படாதவர்கள் தொழில் வியாபாரம் எதுவும் செய்ய முடியாதபடி அடைக்கப்பட்டிருப்பதை எடுத்துச் சொன்னார். தர்பூசணி விற்ற ஒரு மகர் பெண்மீது, அவள் மகர் என்பதற்காகவே போலீஸ் நடவடிக்கை எடுத்ததை அங்கே பதிவு செய்தார். பழம் என்ன பாவம் செய்தது? நிலத்தில் விளையும்போது அந்தப் பெண்ணின் கை பட்டால் தீட்டில்லை. களையெடுக்கலாம், தண்ணீர் பாய்ச்சலாம், சுமந்து வரலாம். கூடையில் வைத்து விலை சொன்னால் தீட்டு. உழைக்க நம் கை வேண்டும், விலை சொல்ல நம் வாய் கூடாது. சாதியப் பொருளாதாரத்தின் மொத்த ரகசியமும் இவ்வளவுதான்.

1924ல் சென்னை சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம் பொதுத்தெருவும் பொதுக்கிணறும் பொதுவிடங்களும் எல்லோருக்கும் உரியவை என்றது. 1950ல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவு கடைக்குள் நுழையும் உரிமையைத் தந்தது. 1955ன் தீண்டாமைக் குற்றச் சட்டம் தீண்டாமையின் பேரால் ஒருவரைத் தொழில் வியாபாரம் செய்யவிடாமல் தடுப்பதைக் குற்றமாக்கியது. 2015ல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பையும் குற்றப் பட்டியலில் சேர்த்தது. வாங்கப் போகும் உரிமையிலிருந்து விற்க உட்காரும் உரிமைக்கு வந்துசேர நமக்கு இவ்வளவு காலம் பிடித்திருக்கிறது. அதற்குள் சந்தை செல்போனுக்குள் குடிபோய்விட்டது. சட்டம் இன்னும் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலேயே நின்றுகொண்டிருக்கிறது.

முகம் தெரியாது, முகவரி?

2020ன் மின்வணிக விதிகளின்படி விற்பனையாளரின் பெயரும் முகவரியும் வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டும். வாங்குகிறவர் ஏமாறாமல் இருக்க இது தேவைதான். குடோன் வைத்திருக்கிறவனுக்கு இதில் சிக்கலில்லை. வீட்டுக்குள்ளேயே தையல் மெஷின் போட்டிருக்கிற பெண்ணுக்கு வீடுதான் கடை. அந்த முகவரியில் 'காலனி' இருக்கும், 'அம்பேத்கர் நகர்' இருக்கும். தமிழ்நாட்டில் எவனுக்கும் இதற்கு அகராதி தேவையில்லை. 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப்புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரல் 29 அன்று மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது. ஆனால் ஆதார் அட்டையிலிருந்தும் வங்கிக் கணக்கிலிருந்தும் அந்தச் சொல் போய்ச் சேருகிற வரைக்கும், பார்சல்மேல் ஒட்டிய சீட்டு பேசிக்கொண்டுதான் இருக்கும்.

இது வீண் பயம் இல்லை. பால் அட்வெல், சுகதேவ் தோரட் ஆகியோரின் ஆய்வு 2007ல் வெளியானது. தனியார் கம்பெனிகளுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை வெவ்வேறு சாதி, மதப் பெயர்களில் அனுப்பிப் பார்த்தார்கள். தலித் பெயர் போட்ட விண்ணப்பங்களுக்கு அழைப்பு குறைந்தது. படித்த மேனேஜர் கையில் பெயர் செய்த வேலையை, நட்சத்திரம் போடுகிற வாடிக்கையாளன் கையில் முகவரி செய்யாதா? செய்யவில்லை என்று எந்தக் கம்பெனியாவது கணக்கெடுத்துக் காட்டட்டும், வாயை மூடிக்கொள்கிறேன்.

பெயரைப் போலவே பொருளுக்கும் சாதி பார்க்கிறார்கள். 2022 மே மாதம் ஆம்பூரில் நடக்க இருந்த பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்றார்கள். ஆம்பூரிலேயே இல்லையென்றால் வேறு எங்கே? எதிர்ப்புக் கிளம்பியதும் விழாவே தள்ளிப்போனது. 2024 மார்ச்சில் சொமாட்டோ சைவச் சாப்பாட்டுக்கென்று தனிப்படை, தனிப் பச்சைச் சட்டை என்று அறிவித்தது. கண்டனம் எழுந்த மறுநாளே சட்டை மட்டும் பழைய சிவப்புக்குத் திரும்பியது. அக்கிரகாரத்துக்குத் தனிக்குவளை என்ற பழைய ஏற்பாடு செயலிக்குள் நுழைய எவ்வளவு நேரமாகும் என்பதற்கு இது சாட்சி.

ஓர் அக்காவின் கணக்கு

நான் வங்கியில் கிளார்க். கவுண்ட்டரில் பார்த்த கணக்கை வெளியே எழுத மாட்டேன். இது மாடம்பாக்கத்தில் எங்கள் தெரு அக்கா ஒருவர் தன் வீட்டில் உட்காரவைத்துத் தன் போனில் காட்டிய கணக்கு.

அக்கா நைட்டி தைத்து, ஒரு பெரிய கம்பெனியின் செயலி வழியாக விற்கிறார். ஒரு மாதத்தில் நாற்பது நைட்டி போனது, பதினொன்று திரும்பி வந்தது. வந்த ஒரு கவருக்குள் அக்கா தைத்தது இல்லை. யாரோ உடுத்திக் கிழித்த பழசு. புகார் எழுதினால், கவரைப் பிரிக்கும்போது எடுத்த வீடியோ எங்கே என்கிறது கம்பெனி. "கரண்ட் இல்லாத நேரத்துல வந்துது தம்பி, இருட்டுல என்னத்த வீடியோ எடுக்கறது?" அந்த நைட்டியும் போச்சு, திரும்பி வந்த வண்டிக்கூலியும் அக்கா தலையில். அடுத்த மாதம் கணக்கையே முடக்கினார்கள். காரணம் 'விதிமீறல்'. என்ன விதி? சொல்லவில்லை. எழுதினால் மெஷின் பதில் போடுகிறது, கடைசியில் நன்றியும் சொல்கிறது. ஏற்கெனவே விற்ற பணமும் பதினாலு நாள் நின்றுபோனது. கம்பெனி பணத்தை நிறுத்தலாம். துணி கடன் கொடுத்த மொத்தக்கடைக்காரன் நிற்பானா, மகளிர் குழுத் தவணை நிற்குமா?

அக்கா சொன்னார்: "ரோட்டுல கடை போட்டா போலீஸ்காரன் வந்து வெரட்டுனாலும் ஆள் மூஞ்சி தெரியும். கெஞ்சலாம், திட்டலாம். இங்க யாரத் திட்டறது?"

இன்னொன்று. தெருவில் ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய் வரை துணி விற்கிறவர் ஜி.எஸ்.டி. பதிவு செய்ய வேண்டாம். ஆனால் செயலியில் ஒரே ஒரு நைட்டி விற்றாலும் பதிவு கட்டாயம் என்று 2023 செப்டம்பர் முடிய வைத்திருந்தார்கள். அக்டோபர் 1 முதல்தான் சின்ன விற்பனையாளருக்கு விலக்கு, அதுவும் மாநிலத்துக்குள் விற்றால் மட்டும். திருத்தணி தாண்டிச் சித்தூரிலிருந்து ஓர் ஆர்டர் வந்தால் விலக்கு செல்லாது. நாடு முழுக்க ஒரே சந்தை என்று முழங்குகிறவர்கள் நம் அக்காவுக்கு மட்டும் எல்லைக்கல் நட்டிருக்கிறார்கள்.

ஊரும் சேரியும்

2019 தொடக்கத்தில் அமேசானின் இந்தியச் சந்தையில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட விற்பனையாளர்கள். விற்பனையில் மூன்றில் இரண்டு பங்கு வெறும் 35 பேர் கையில். அந்தக் கம்பெனியின் உள் ஆவணங்களை வைத்து 2021 பிப்ரவரியில் ராய்ட்டர்ஸ் இதை எழுதியது. அமேசான் அந்தச் செய்தியை மறுத்தது. அங்கே பெரிய விற்பனையாளராக இருந்த கிளவுட்டெயில், அமேசானும் இன்போசிஸ் நாராயணமூர்த்தியின் கட்டமரான் நிறுவனமும் சேர்ந்து நடத்தியது. 2022 மே மாதம் கடையை மூடிக்கொண்டது. சந்தையும் அவர்களுடையது, சந்தைக்குள் பெரிய கடையும் அவர்களுடையது, முன்வரிசையில் எந்தக் கடை இருக்கும் என்று முடிவு செய்வதும் அவர்கள். 35 வீடு ஊர், மிச்சம் நாலு லட்சமும் சேரி.

இந்த நாலு லட்சத்தில் சாதி இந்துச் சிறு வியாபாரியும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவர் சும்மா இருக்கவில்லை. டெல்லி வியாபார் மகாசங்கம் முறையிட்டுத்தான் 2020 ஜனவரியில் அமேசான், பிளிப்கார்ட்மீது போட்டி ஆணையம் விசாரணைக்கு உத்தரவிட்டது. வேண்டப்பட்ட சில விற்பனையாளருக்குச் சலுகை காட்டினார்கள் என்று விசாரணை அதிகாரிகளின் அறிக்கை சொன்னதாக 2024ல் செய்தி வந்தது. அவர்களுக்குச் சங்கம் இருந்தது, வக்கீல் இருந்தார், டெல்லி இருந்தது. நம் அக்காவுக்கு யார் இருக்கிறார்கள்? சிரித்த தோழரைத்தான் கேட்கிறேன். 1938ல் மன்மாட்டில் ரயில்வே தொழிலாளர் மாநாட்டில் பார்ப்பனியமும் முதலாளித்துவமும் இரண்டு எதிரிகள் என்று அம்பேத்கர் சொன்னார். அந்த இரண்டும் ஒரே கண்ணாடித் திரைக்குள் கைகோத்து நிற்கிற இடம் இது. இங்கே வராமல் வேறு எங்கே போய்ப் போராடுவீர்கள்?

நடைபாதைக்கு உள்ள உரிமைகூட இல்லை

2014ன் தெருவோர வியாபாரிகள் சட்டத்தை எடுத்துப் படியுங்கள். நகர விற்பனைக் குழுவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் வியாபாரிகளே, தங்களுக்குள் தேர்ந்தெடுத்து, உட்கார வேண்டும். அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். ஒருவரை அப்புறப்படுத்துமுன் 30 நாள் அறிவிப்பு. நடப்பது வேறு என்பது தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் கூடை வைத்திருப்பவர்களைக் கேட்டால் தெரியும். இருந்தாலும் காட்டிச் சண்டை போட ஒரு காகிதம் இருக்கிறது. செயலிக்குள் கடை வைத்தவருக்கு அதுவும் இல்லை.

இது முடியாத காரியமா? ஐரோப்பிய ஒன்றியம் 2019ல் ஒரு சட்டம் போட்டது, 2020 ஜூலை 12 முதல் அது அமலுக்கு வந்தது. விற்பனையாளர் கணக்கை நிறுத்தினால் காரணத்தை எழுத்தில் கொடு, மொத்தமாக நீக்குவதென்றால் 30 நாள் முன்னால் சொல், முறையீட்டைக் கேட்க ஓர் அமைப்பு வை என்றது. ஜெர்மனியில் காரணம் சொல்லத் தெரிந்த கம்பெனிக்கு மாடம்பாக்கத்தில் மட்டும் வாய் அடைத்துப் போகுமா?

நாம் கேட்பது இவை:

1. கணக்கை முடக்குமுன் காரணம் தமிழில், எழுத்தில் வேண்டும். 30 நாள் அவகாசம் வேண்டும். முறையீட்டை மெஷின் இல்லை, மனிதர் கேட்க வேண்டும்.

2. விற்ற பணம், பொருள் போய்ச் சேர்ந்த ஏழு நாளில் வர வேண்டும். கணக்கை முடக்கினாலும் தகராறில்லாத பழைய பணத்தில் கைவைக்கக் கூடாது.

3. திரும்பும் பொருளை வாடிக்கையாளர் வாசலிலேயே சரிபார்த்துப் படமெடுக்க வேண்டும். அந்த வேலைக்கு டெலிவரித் தொழிலாளிக்குத் தனிக்கூலி. மாற்றி வைத்து ஏமாற்றினால் நட்டம் கம்பெனியுடையது.

4. வீட்டிலிருந்து விற்கிறவர் வீட்டு முகவரிக்குப் பதிலாக அஞ்சலகப் பெட்டி எண்ணையோ மகளிர் குழுக் கட்டடத்தையோ கொடுக்க வழி வேண்டும்.

5. எதை முன்னால் வைக்கிறார்கள், எதைப் பின்னால் தள்ளுகிறார்கள் என்ற அளவுகோலைச் சொல்ல வேண்டும் என்பது 2020 விதிகளிலேயே இருக்கிறது. அது தமிழில் வரவேண்டும். விருப்பப்பட்ட விற்பனையாளர் சாதியைப் பதிவு செய்யட்டும், வாடிக்கையாளருக்குக் காட்டாமல். முடக்கத்திலும் நட்சத்திரத்திலும் பாகுபாடு உண்டா என்று ஆண்டுதோறும் வெளியார் தணிக்கை செய்ய வேண்டும்.

6. தெருவோரச் சட்டத்தைப் போல, விற்பனையாளர் 40 விழுக்காடு உட்காரும் குழு ஒவ்வொரு பெரிய செயலிக்கும் வேண்டும். அதில் தலித், பழங்குடிப் பெண்களுக்கு இடம் உறுதியாக வேண்டும்.

7. நடுவண் துறைகள் தம் கொள்முதலில் 4 விழுக்காட்டை எஸ்.சி., எஸ்.டி. தொழில் செய்வோரிடம் வாங்க வேண்டும் என்ற ஆணை 2012லிருந்து இருக்கிறது. இலக்கை எட்டாமலே ஆண்டுகள் ஓடின. 2016ல் தொடங்கிய அரசின் மின்சந்தையில், எந்தத் துறை எவ்வளவு வாங்கியது என்று மாதாமாதம் பெயர் சொல்லிப் போடட்டும்.

இது கம்பெனிகளிடம் கேட்கும் சலுகையில்லை. தெருவும் குளமும் கிணறும் பொதுவென்று நிலைநாட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். லட்சக்கணக்கானோர் விற்க வாங்க வருகிற ஓர் இடம் பொதுவிடம்தான். அதை எவன் கட்டினான், எந்த நாட்டுப் பணத்தில் கட்டினான் என்பது அப்புறம். அவன் வீட்டுத் திண்ணை என்று நினைத்துக்கொண்டு நாம் ஒதுங்கி நிற்பதால்தான் அவனும் அப்படியே நினைக்கிறான்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம், அகரம்தென் பகுதிகளில் செயலியில் விற்கும் நம் பெண்களின் வீடுகளுக்கு ஒரு நோட்டோடு போங்கள். எத்தனை போனது, எத்தனை திரும்பியது, எவ்வளவு பிடித்தார்கள், எத்தனை நாள் முடக்கினார்கள் என்று தேதியோடு எழுதுங்கள். நூறு வீட்டுக் கணக்கு சேர்ந்தால் அது மனு. ஆயிரம் சேர்ந்தால் வழக்கு. அந்த ஆயிரம் பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரே இடத்தில் கூடினால் அதற்குப் பெயர் சங்கம். கூட்டல் கழித்தல் போட்டுத்தர நான் இருக்கிறேன். அந்த வேலைக்குத்தான் வங்கியில் சம்பளம் வாங்குகிறேன்.